ஆம்பூர்க் கிணற்றில் யாருடைய கிருமி?

பத்திரிகைக்கு எழுதுவதற்காகச் சென்ட்ரலில் காலை ஆறு மணிக்கு ரயில் ஏறி ஆம்பூரில் இறங்கியபோது ஒன்பதரை. அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஆறு கிலோமீட்டர், இருபது ரூபாய்.

"கெணத்துல கிருமி வுடுறாங்களாமே, அதுக்கா வந்தீங்க?" என்றார் ஓட்டுநர் சலீம். "வெள்ளிக்கெழம கூட்டம் வெச்சிருக்காங்க சார். எல்லாம் வேலைக்குப் போய்டுவாங்க, கூட்டம் கம்மியா இருக்கும்னு நெனப்பு. இங்க தோல் ஷாப்புக்கு வெள்ளிதான் லீவுன்னு யாரும் சொல்லல போல!"

பகல் இரண்டரை. தொழுகை முடிந்தவர்களும் வந்து சேர, மல்லிகா என்ற பெண்மணியின் கிணற்றைச் சுற்றி நிற்க இடமில்லை. மல்லிகாவுக்குச் சோறு போடுவதும் தோல் ஷாப்பு என்று இங்கே சொல்லும் தோல் பதனிடும் ஆலைதான். ஆனால் பக்கத்து ஷாப்பின் பாய்லர் எண்ணெய் மழையோடு கசிந்து வந்து அவர் கிணற்றில் மிதக்கிறது. அதைத் தின்பதற்கென்று மரபணு மாற்றிய கிருமியை ஒரு சென்னை நிறுவனம் கொண்டுவந்திருந்தது.

இதைத் திறந்தவெளியில் விட மத்திய அரசின் அனுமதி வேண்டுமே, எங்கே என்று கேட்டேன். "அப்ளை பண்ணியிருக்கோம்" என்றார் அவர்களுடைய அதிகாரி. அதற்குள் மல்லிகாவின் கையெழுத்து மட்டும் அவசரமாம். நீட்டிய தாளோ முழுக்க ஆங்கிலம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாங்கி உரக்கத் தமிழில் சொன்னேன்: எந்தப் பாதிப்பு வந்தாலும் நிலத்துக்காரரே பொறுப்பு.

"இன்னா சார் இது?" என்றார் மல்லிகா. "எண்ண அவங்களுது. கிருமி உங்களுது. பொறுப்பு மட்டும் என்னுதா?"

"எண்ணெய் தீர்ந்ததும் அது தானா செத்துடும்மா" என்றார் அதிகாரி.

"சாவலன்னா? பக்கத்துக் கெணத்துக்குப் போய்ட்டா? திரும்பப் புடிச்சி டப்பாவுல போட முடியுமா?"

மல்லிகா தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் எழுத்துக் கூட்டி எழுதினார்: 'கிருமி வெளியே போனால் கம்பெனி பொறுப்பு.' பேனாவை அதிகாரியிடமே நீட்டினார்.

"மொதல்ல நீங்க போடுங்க. அப்பறம் நான் போடுறேன்."

"எனக்கு அந்த அதிகாரம் இல்லம்மா."

"எனக்கு மட்டும் ஊர்த் தண்ணிய எழுதிக் குடுக்குற அதிகாரம் இருக்கா?"

கூட்டத்தில் ஒருவரும் நகரவில்லை. பத்து நிமிடத்தில் நிறுவனத்தின் வேன் கிளம்பிப் போனது. விஞ்ஞானத்தின் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. பொறுப்பேற்க ஆளில்லாத விஞ்ஞானத்தை இவர்கள் தலையில் கட்டுவதுதான் எனக்கு ஆகாது.

நான் விடைபெறும்போது மல்லிகா இரண்டு குடங்களோடு தெருக்குழாய்க்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கிணறு அப்படியேதான் இருந்தது.

"கஷ்டந்தான் சார். கெணறு சுத்தமாவணும்னு என்னவிட யாருக்கு ஜாஸ்தி ஆச?" என்றார்.

சென்னையில் எங்கள் குடியிருப்பில் எந்தத் தாள் வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?