தேசி மரத்தடியில்

தேசியப் பூங்காவின் நடைபாதையோரம் என் மகள் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கருகே நீட்டியபோது, அம்மா சமைத்த எங்கள் குசினியின் பின்பக்கம் அப்படியே என் முன்னால் வந்து நின்றது. எங்கள் ஊர் இருந்த இடத்தில் கூடாரம் அடித்த வெளியும் பறவைப் படங்கள் தொங்கும் பார்வையாளர் நிலையமும் எனக்கு எதையும் சொல்லவில்லை. தேசி என்று நாங்கள் சொல்லும் இந்த எலுமிச்சை வாசம் சொன்னது. காலால் சருகை விலக்கினேன். குசினிப் படிக்கல் கிடந்தது.

அம்மா அரிசி களையும் சத்தம், சட்டி கல்லில் உரசும் சத்தம், பிறகு அந்த வெள்ளைத் தண்ணீர் தேசி மரத்தின் வேரில் சளாரென்று விழ, உடனே எழும்பும் ஈரமண் வாசம் என்று இந்த ஒழுங்கில்தான் எனக்குத் தினமும் பசி வரும். பொழுதுபட்டு மரம் உறங்கிய பிறகு காய் தேவைப்பட்டால், அடிமரத்தைத் தடவி, "கோவிக்காதையம்மா, ஒண்டே ஒண்டு" என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா பறிப்பார். ஷெல் வீச்சு நெருங்கி ஊரே கிளம்பிய அன்றும் அரிசித் தண்ணீரை மரத்துக்கு ஊற்றிவிட்டே உழவு இயந்திரத்தில் ஏறினார். முல்லைத்தீவுப் பக்கம் போய்த் திரும்பி வந்தவர்களில் அம்மா இல்லை.

"இலை பிடுங்கக்கூடாது பிள்ளை," என்றார் வழிகாட்டியாக வந்த இளைஞர். "இது காட்டுத் தேசி."

"இதுக்கு ஆர் தண்ணி ஊத்துறது?" என்று மகள் கேட்டாள்.

அவர் சிரித்தார். "காட்டு மரத்துக்கு ஆரும் தண்ணி ஊத்துவினமோ? தானா முளைச்சது."

அவர்கள் முன்னே நடந்ததும், கை கழுவுகிறவன் போலக் குனிந்து, போத்தலில் இருந்த தண்ணீர் முழுவதையும் வேரடியில் ஊற்றினேன்.