கைரேகைக்கு மட்டும் திறந்த கதவு

மைசூரில் ஒருவருடைய துயரத்தைக் கேட்கக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். பெண்களுக்கு ஆலோசனை சொல்லும் மையத்தில் முதல் நாள் அப்படிச் சாத்தியபோது பயந்துபோனேன். எங்கள் கொளத்தூரில் எனக்கும் கணவருக்கும் வந்த வழக்கைக் கோயில் மைதானத்தில் ஊரே உட்கார்ந்து கேட்டது. அப்பா பேசினார், சித்தப்பா பேசினார். நான் தேர்க் கொட்டகைக்குப் பின்னால் நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை.

இங்கே வந்து முப்பது வருஷம். கணவர் இறந்துபோன பிறகு, மகன் வேலைக்குப் போகும்போது என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனான். கன்னடம் தெரியாதவள், வழி தவறிவிடுவேனாம். இத்தனை வருஷம் காதால் கேட்ட மொழி புரியாமலா போகும்? கன்னட எழுத்துத்தான் படிக்க வராது. ரேஷனுக்கு என் கைரேகை வேண்டுமென்று மாதத்தில் ஒரு நாள் கதவு திறக்கும். அன்றுதான் மையத்துக்குப் போனேன். ஒரு சாவி வேண்டும், அவ்வளவுதான் என்றேன். இங்கே சொல்வது உங்களைக் கேட்காமல் வெளியே போகாது, அது உங்கள் உரிமை என்றாள் அங்கிருந்த இளம்பெண், அரைகுறைத் தமிழில்.

அடுத்த மாதம் போனால் மகன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். சமாதானமாகப் போகட்டும் என்று அவளே வரச் சொல்லியிருக்கிறாள். கன்னடத்தில் எழுதிய தாளும் மைப்பெட்டியும் என் முன்னால் வந்தன.

“அம்மாவுக்குப் படிப்பு இல்ல மேடம். விரலை வைம்மா, போலாம்.”

விரலை முந்தானைக்குள் மடக்கிக்கொண்டேன்.

“என்னைக் கேக்காம இவனை எதுக்குங்க கூப்பிட்டீங்க? இதுல என்ன எழுதியிருக்குதுன்னு நீங்க படிச்சுச் சொல்லுங்க. இவன் வெளியில இருக்கட்டும்.”

“வாயே திறக்காதவங்க மேடம் இவங்க,” என்று மகன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவனை அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, “தப்பு என்னுதுதான் அஜ்ஜி” என்றாள். பாட்டியைக் கன்னடத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

என் பாதுகாப்புக்காகப் பூட்டி வைக்க நானே சம்மதிக்கிறேன் என்று அந்தத் தாளில் இருந்தது. கிழிக்கச் சொன்னேன். சாவி என்னிடம் இருக்கும், யாரும் பூட்டக் கூடாது என்று புதிதாக எழுதி, வரிக்கு வரி தமிழில் சொன்னாள். மகனை உள்ளே கூப்பிட்டு, இனிப் பூட்டினால் போலீசுக்குப் போவேன் என்று நானே சொன்னேன். அவன் கன்னடத்தில் கையெழுத்துப் போட்டான். மைப்பெட்டியைத் தள்ளிவிட்டு, மூன்றாம் வகுப்பு வரை படித்த கையால் ராமாயி என்று தமிழில் எழுதினேன்.

என்னைப் போல ஊர் விட்டு வந்தவர்களே, தாளில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இன்று காலை நானே வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். சேலம் பஸ்ஸின் பலகையில் கொளத்தூர், மேட்டூர் என்று இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஏறுறீங்களா என்று கண்டக்டர் கேட்டார். இல்லைங்க என்றேன். சாவியை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தபடி, பஸ் கிளம்பும் வரை அங்கேயே நின்றேன்.