டிஷ்ஷில் தொங்கிய பூசணிக்காய்

போன வாரம் திருப்பதியிலிருந்து சித்தூருக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சந்திரகிரி தாண்டியதும் போனில் சிக்னல் போய்விட்டது. பக்கத்து சீட் இளைஞர் ஆறுதல் சொன்னார்.

"இன்னும் கொஞ்ச நாள்தான் சார். சாட்டிலைட்லருந்து நேரா போனுக்கு வரப்போவுது. எல்லாம் ரெடி. லைசென்ஸ் ஒண்ணுதான் பாக்கி."

சிரித்துவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. பாவம், அந்த 'ஒண்ணு'க்குள் எத்தனை ஒண்ணு இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலை அலுவலகத்தில் இருந்தேன். தாராளமயம் வந்து கதவெல்லாம் திறந்துவிட்டது என்று பேப்பர்கள் எழுதிய காலம். எங்கள் ஊர் மாம்பழம் டின்னுக்குள் உட்கார்ந்து கடல் தாண்டிப் போனது. ஆனால் பம்பாய் ஆபீசுக்கு ஒரு ஃபேக்ஸ் ஒழுங்காகப் போகாது. மழை வந்தால் லைன் சாகும். வெயில் வந்தாலும் சாகும்.

முதலாளி யோசித்தார்... மொட்டைமாடியில் ஒரு டிஷ் வைத்தார். கம்பெனிக்கென்று தனி சாட்டிலைட் தொடர்பு. வெள்ளைவெளேரென்று, வானத்தை ஒட்டுக்கேட்கும் ஒரு பெரிய காது.

காது வந்துவிட்டது. கேட்க அனுமதி? தொடர்பு நடத்த ஒரு உரிமம். டிஷ்ஷை அந்த மாடியில் நிறுத்த ஒரு அனுமதி. நிறுத்தியதை இயக்க இன்னொரு உரிமம். ரேணிகுண்டா விமான நிலையம் எத்தனை தூரம், கட்டடம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை உயரம் என்றெல்லாம் கேட்டார்கள். கடலையே பார்த்திராத எங்கள் மேஸ்திரி இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் திரிந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நிபந்தனை. கம்பெனி ஆட்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளலாம். வெளியாள் ஒருவர் குரல் அதில் வரக்கூடாது. இதற்கு 'மூடிய குழு' என்று பெயர்.

இந்த உரிமத்துக்காக எங்களில் அதிகம் தவித்தவர் சுகந்தி. கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர். சித்தூரின் பழைய மிஷன் சபைக் குடும்பத்துப் பெண். கணவர் எட்வினும் எங்கள் கம்பெனிதான் — ஏற்றுமதி வேலைக்காகப் பம்பாயில் கிடந்தார். டிஷ் ஓடினால் அந்த வேலையை இங்கிருந்தே பார்க்கலாம், எட்வினை வரவழைத்துவிடுகிறேன் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். ஓடாவிட்டால்? எட்வினுக்கு மஸ்கட்டில் ஒரு வேலை காத்திருந்தது. அந்த மாதமே பதில் சொல்லியாக வேண்டும்.

ஆய்வு நாள் வந்தது. ஹைதராபாத்திலிருந்து ஒரு அதிகாரி. ஒல்லியான மனிதர், எதையும் இரண்டு முறை படிப்பவர், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுபவர். சுகந்தி சுவிட்சைப் போட்டார்.

முந்தின நாள் சோதனையில் சமர்த்தாக எரிந்த பச்சை விளக்கு எரியவில்லை. சிவப்பு கண் சிமிட்டியது. ஒயரைப் பிடுங்கிச் செருகினார். சிவப்பு.

"ஏமிடம்மா, சிக்னல் ராலேதே?" என்றார் அதிகாரி. "பதண்டி, மேல போய்ப் பாக்கலாம்."

மாடிக்கு ஓடினோம். டிஷ்ஷுக்கு எதிரே நீண்டிருக்கும் கம்பியின் நுனியில் ஒரு மூக்கு உண்டு. சிக்னல் போவதும் வருவதும் அதன் வழியாகத்தான். அந்த மூக்கில் ஒரு பூசணிக்காய் தொங்கியது. முறுக்கு மீசை, உருட்டிய விழி, நாக்கு வேறு. பக்கத்தில் வாட்ச்மேன் முனுசாமி, பெருமையாக.

"யாருய்யா கட்டினது?" என்று கேட்டேன்.

"நான்தான் சார். ரோட்டுல போற பஸ்ஸெல்லாம் எட்டிப் பாத்துக்கினு போவுது. இம்மாம் பெரிய தட்டு சித்தூர்ல யாராண்ட கீது? கண்ணு படாம இருக்குமா?"

"கண்ணு படல அண்ணா. சிக்னலும் படல" என்றார் சுகந்தி.

பூசணியின் கனத்தில் கம்பி சாய்ந்திருந்தது. போதாததற்கு, அத்தனை நீரும் சதையும் வழியை மறித்துக்கொண்டு நின்றது. சுகந்தி கயிற்றில் கை வைத்தார். முனுசாமி தடுத்தார்.

"தொடாத பாப்பா. கட்டினவன்தான் கழட்டணும். கற்பூரம் கொளுத்தி, முச்சந்தியில ஒடைக்கணும். சும்மா அவுத்தா ஆவாது."

"அதுக்குள்ள என் வீட்டுக்காரர் மஸ்கட்ல எறங்கிடுவாரு அண்ணா."

அதிகாரி நிபந்தனைகளைப் புரட்டினார். "ஆன்டெனாவுல பர்மிஷன் இல்லாம எதையும் சேக்கக்கூடாது. தெரியும்தானே?"

சுகந்தியின் கண் கலங்கிவிட்டது. அதிகாரி இரண்டாம் முறையும் படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"சேக்கறதுக்குத்தான் பர்மிஷன் வேணும். எடுக்கறதுக்கு வேணாம். கற்பூரம் உந்தா?"

இருந்தது. முனுசாமி சுற்றினார், அவிழ்த்தார், இறங்கி ஓடினார். அதிகாரி கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, பூசணி முச்சந்தியில் சிதறுவதைக் குழந்தைபோல எட்டிப் பார்த்தார். இங்கே கம்பி மெல்லத் தன்னிடத்துக்கு நிமிர்ந்தது. கீழே போனோம்.

பச்சை.

சுகந்தி ரிசீவரை எடுத்தார். ஒரு குரல் மாமரங்களுக்கு மேலே, மேகங்களுக்கு மேலே, இருட்டான வெளிவரை ஏறி, அங்கே ஒரு நொடி தயங்கி, இறங்கி வந்தது. "ஹலோ... சித்தூரா?"

சுகந்திக்குச் சிரிப்புதான் வந்தது.

"எவரம்மா அது?"

"பம்பாய் ஆபீஸ் சார்... எங்க வீட்டுக்காரர்."

"கம்பெனி ஆளுதானே? வெளியாள் இல்லியே?"

"உள்ளாளுதான் சார்."

"அப்ப மாட்லாடம்மா, பேசு. ரூல் ஒப்புக்குது."

நிபந்தனைகளும் பூசணிக்காய் மாதிரிதான் என்று அன்று தோன்றியது. ஏதோ கண் பட்டுவிடும் என்ற பயத்தில் யாரோ கட்டுகிறார்கள். சில நேரம் அதுவே வழியை மறிக்கிறது. கட்டியவர் மனது வைத்துக் கழட்டினால்தான் உண்டு. அப்புறம் அவர்களே ஒவ்வொன்றாகக் கழட்டினார்கள்... இன்று பேரன் பேத்திகள் கனடாவிலிருந்து போனில் முகம் காட்டுகிறார்கள்.

எட்வின் மாங்காய் சீசன் முடிவதற்குள் வந்து சேர்ந்தார். பெட்டியோடு நேராகத் தொழிற்சாலை வாசலுக்கு. கையில் ஒரு பூசணிக்காய். முனுசாமியிடம் நீட்டினார். "இந்த வாட்டி கேட்டுல கட்டுண்ணா."

கதை முடிந்ததும் பஸ் இளைஞர் கேட்டார்: "சார், அந்த ஆபீசர் இப்ப எங்க இருக்காரு?"

தெரியவில்லை தம்பி. கற்பூரம் மட்டும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.