இந்தி ஃபாதரிடம் சொன்ன பாவம்

"பாதுகாப்பில் சமரசமே செய்யாதவர்" என்று ஒரகடம் தொழிற்சாலை ஒன்றின் அறிவிப்புப் பலகையில், லைன் சூப்பர்வைசர் ரிச்சர்டின் படத்துக்குக் கீழே போட்டிருக்கிறது. படத்தில் ஹெல்மெட்டோடு சிரிக்கிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கை உள்ளே போனால் பிரஸ் மெஷினை நிறுத்தவேண்டிய சென்சார், சும்மா சும்மா லைனை நிறுத்திக்கொண்டிருந்தது. டார்கெட் எட்டவில்லை. டீ நேரத்தில் யாரும் பார்க்காமல் ரிச்சர்ட் அதை அணைத்துவைத்தார். அரைமணி நேரத்தில், அந்த மெஷினை ஓட்டிய இசக்கிசெல்வியின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. சென்சாரைத் திரும்பப் போட்டுவிட்டு, 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று ரிப்போர்ட் எழுதினார். நல்ல கையெழுத்து. அவளுக்கு வேலை போயிற்று.

ரிச்சர்ட் கல்நெஞ்சர் அல்ல, தூக்கம் கெட்டது. ஆனால் பங்குச் சாமியாரிடம் சொன்னால் ஞாயிறுதோறும் அவர் முகத்தில் முழிக்க வேண்டும். நல்லவேளையாக, வடக்கத்தித் தொழிலாளர்களுக்குப் பூசை வைக்க மாதம் ஒருமுறை ஜார்க்கண்ட் ஃபாதர் ஒருவர் அதே படப்பைக் கோயிலுக்கு வந்தார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ரிச்சர்ட் அவரிடம் முழு உண்மையையும் தமிழில் சொல்வார். ஃபாதர் இந்தியில் பாவமன்னிப்பு தருவார். இருபது முறை மன்னித்தும் பாவம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"நம்ம சாமியாரு ஈ ஓட்டிகினு கீறாரு, நீ இன்னாத்துக்கு இந்திக்காரங்க லைன்ல நிக்கிற?" என்றாள் மனைவி ஷாலின்.

"இங்க கூட்டம் கம்மி" என்றார், பதினாறாவது ஆளாக நின்றபடி.

அன்று அவர் சொல்லி முடித்ததும் ஃபாதர் ஆசீர்வதிக்கக் கையை உயர்த்தவில்லை.

"அந்த அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"ஃபாதர்... உங்களுக்குத் தமிழ்..."

"கத்துக்கிட்டேன். தமிழ்ல அழறவங்கதான் என் லைன்ல ஜாஸ்தி. போய்ச் சொல்லுங்க. அதுதான் பரிகாரம்."

மறுநாளே போனார். ஜங்ஷன் பைக் ஸ்டாண்டில் இசக்கிசெல்வி இடது கையால் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே! எப்படி இருக்கிய?" நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"செல்வி, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்த மெஷினு..."

"நானே சொல்லணும்னு இருந்தேன்ண்ணே. பராக்குப் பாத்துக்கிட்டு கைய விட்டது நாந்தான். என்னால ஒங்களுக்குல்லா கெட்ட பேரு. மனசுல வச்சிக்கிடாம மன்னிச்சிருங்கண்ணே." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ரிச்சர்டுக்குப் பின்னால் இரண்டு பைக்காரர்கள் டோக்கனுக்கு ஹாரன் அடித்தார்கள். அவள் நகரவில்லை, பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரிச்சர்ட் அவளை மன்னித்தார்.