மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம்

புலம்பெயர்ந்து வந்த நகரில், வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்த அந்த ஆங்கிலிக்கன் தேவாலயம் கமலாம்பிகைக்குப் பார்த்த மாத்திரத்திலேயே பிடித்துப்போனது. இங்கிலாந்தின் இடைக்காலக் கிராமத் தேவாலயம் ஒன்றைப் பார்த்து அப்படியே கட்டியதாம். கருங்கல் சுவர், உச்சி கூம்பிய யன்னல்கள், கவிழ்த்த தோணி மாதிரி மரக்கூரை. வாசல் மண்டபத்தைக் கடந்தால் சனங்கள் இருக்கும் நீண்ட கூடம். அதன் கிழக்கு முடிவில் கொடியும் இலையும் செதுக்கிய மரத்தடுப்பு. தடுப்பின் வாசலுக்கு அப்பால், ஒரு படி உயரத்தில், பீடம். இதை அவருக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. கோயில் என்றால் இப்படித்தானே இருக்கும்.

தொண்ணூற்று நாலில் அங்கே அவருக்குத் துப்புரவு வேலையை எடுத்துக் கொடுத்தவள் கிளடிஸ். ஊரில் சுண்டிக்குளிக்காரி, வேதக்காரப் பெண், தேவாலயக் குழுவில் இருந்த ஒரே தமிழ் ஆள். கமலாம்பிகை தான் குடியிருந்த மல்வேர்னிலிருந்து பஸ் மாறி மாறி வருவார். அவருடைய வேலையில் இலேசில் குறை பிடிக்க முடியாது. சனங்கள் இருக்கிற நீள வாங்குகளின் கால் இடுக்கில்கூடத் தூசி நிற்காது. தடுப்பில் உள்ள மர இலைகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைப்பார். ஆனால் தடுப்பைத் தாண்டி ஒரு அடி வைக்கமாட்டார். மூலஸ்தானத்துக்குள் கால் வைக்கிற துணிச்சல் எந்த மனிசிக்கு வரும்? வாசலில் நின்றபடியே மொப்பைக் கை எட்டும்வரை நீட்டித் துடைப்பார். அதனால் உள்ளே ஒரு அரைவட்டம் மட்டும் பளபளக்க, மிச்சமெல்லாம் தூசி ஏறிக் கிடந்தது.

குழுக்காரரின் கண் சரியாக அங்கேதான் விழுந்தது. பளிங்காகக் கிடந்த கூடம் அந்தப் பெரிய மனிதர்களுக்குத் தெரியவில்லை. மனிசி வேலைக்கள்ளி, ஈஸ்டருக்கு முன் வேறு ஆளைப் பிடிப்போம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஒரு கிழமை தவணை கேட்டு வாங்கிய கிளடிஸ், சனிக்கிழமை காலை வந்து நின்றாள். கோபமாகத்தான் வந்தாள். தன் சொல்லை நம்பித்தானே வேலை கொடுத்தார்கள்.

ஏன் உள்ளே துடைப்பதில்லை என்று கேட்டாள். கமலாம்பிகை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது ஐயர் போற இடம், பிள்ளை. நான் எப்பிடிப் போறது?"

கிளடிஸின் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தக் காலத்து இங்கிலாந்திலும் உள்பக்கம் குருமாருக்குத்தான், சனங்கள் இந்தப் பக்கம் நின்று தடுப்பின் இடைவெளிகளால் பார்த்தவர்கள்தான், இப்போது ஆராதனையில் திருவிருந்து அப்பம் வாங்க எல்லோரும் உள்ளே போகிறோம் என்று பொறுமையாகச் சொன்னாள்.

"உங்களுக்கு ஒரு தடையும் இல்லை, அக்கா. ஆனா இண்டைக்கு உள்ளுக்குப் போகாட்டி இந்த வேலை இல்லை."

கமலாம்பிகை வாளியைக் கீழே வைத்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றினார். கும்பிட்டார். வாளியோடு படி ஏறினார். துடைக்கத் துடைக்கத் தரையின் சிவப்பு ஓடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பீடத்தடியை முடித்து, நிமிர்ந்து திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

பிறந்ததிலிருந்து எந்தக் கோயிலையும் அவர் அந்தப் பக்கம் நின்று பார்த்ததில்லை. தடுப்பின் வாசலூடாகக் கூடம் முழுவதும் தெரிந்தது. அவருக்குக் கண் கலங்கியது.

"இஞ்சை வந்து பார், பிள்ளை," என்றார். "நல்லூர்க் கோயிலிலை நான் எப்பவும் சனத்துக்குப் பின்னாலைதான் நிப்பன். உள்ளுக்கு இருக்கிற சாமிக்கு என்னை எங்கை தெரியப்போகுது எண்டு அழுதிருக்கிறன். இஞ்சையிருந்து கடைசி வாங்கும் வடிவாத் தெரியுது."