ஒரே வேலிக்குள் இரண்டு கீப்பர்கள்

என் அண்ணன் எங்கள் தோட்டத்துக்குக் குடிவந்த அன்று லோரியிலிருந்து முதலில் இறங்கியவை கோல் மரங்கள். அதற்குப் பிறகுதான் ஆடுகள், அண்டா, அம்மன் சிலை, அண்ணி.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்துச் சில வருஷம் ஆகியிருந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று சின்னத் தோட்டங்களில் ஆட்கள் குடியிருந்த லயங்களைக் கலைத்து, அவர்களைப் பெரிய தோட்டங்களில் முள்வேலிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். நான் வாழ்க்கைப்பட்டது கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த பெரிய ரப்பர்த் தோட்டம். பிறந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த சின்னத் தோட்டம். அந்தச் சின்னத் தோட்டத்து ஆட்களிடம், "எடுக்க முடிஞ்சதை எடுத்துக்குங்க, மத்ததை விட்டுருங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் திடலில் நட்டிருந்த இரண்டு கோல்களையும் தோண்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். எங்கள் திடலில் ஏற்கெனவே இரண்டு கோல் இருந்ததால் அந்த மரங்கள் லயத்துக்குப் பின்னால் கிடந்தன. அண்ணி அதில் ஒன்றில் துணி காயப்போட்டாள்.

இரண்டு தோட்டத்துக் காற்பந்துக் குழுக்களும் வட்டாரப் பந்தயத்தில் ஒரே பிரிவில் ஆடின. அதற்குக் கீழே வேறு பிரிவு கிடையாது. அதில் எங்கள் குழு பெரும்பாலும் கடைசி, அண்ணனுடைய குழு கடைசிக்கு முந்தினது. சில வருஷம் மாறி வரும். மாறி வந்த வருஷத்தில் எங்கள் லயத்தில் தீபாவளி நன்றாக இருக்கும்.

எங்கள் குழுவின் கீப்பர் என் வீட்டுக்காரர். அவர்கள் குழுவின் கீப்பர் என் அண்ணன். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. என் கல்யாணத்துக்கு முந்தின மாதம் இரண்டு குழுக்களும் மோதின. கார்னரிலிருந்து வந்த பந்து அண்ணன் கையை விட்டு நழுவி உள்ளே போனது. யாரோ பின்னாலிருந்து கால்சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டதாக அண்ணன் சொன்னார். கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த என் வீட்டுக்காரர் யாரிடமோ, "கால்சட்டையை யாரும் பிடிக்கல. பந்தைத்தான் யாரும் பிடிக்கல" என்று சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். அண்ணன் பக்கத்தில் மாலையோடு நின்றுகொண்டிருந்தார்.

அதிலிருந்து எல்லாம் என் வழியாகத்தான். அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். "தங்கச்சி, ஸ்டோர்ல பால் நிறுக்கிறது நேத்து லேட்டாச்சாமே, மாப்பிள்ளைக்குத் தெரியுமா?" என்பார் அண்ணன். "தெரியும்னு சொல்லு" என்பார் இவர். நான் அடுப்பை ஊதிக்கொண்டே, "தெரியுமாம்" என்பேன்.

இந்த இருவரும் ஒரே வேலிக்குள், எட்டு வீடு தள்ளி, வசிக்கும்படி ஆனது.

அவர்கள் வந்த சில நாளில், விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டில், ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஓர் அறிவிப்பு செய்தார். வெளியூர் ஆட்டத்துக்குப் போக இனி போலீஸ் காவல் வேண்டும். துரை கொடுப்பது ஒரு லோரி. போலீஸ் கொடுப்பது ஒரு காவல். ஆகவே தோட்டத்துக்கு ஒரே குழு. இரண்டு குழு வேண்டும் என்றால் குழுவே கிடையாது. கிராணிக்குப் பந்து பிடிக்காது. அது உருண்டு ஆபீஸ் பக்கம் வருகிறது என்பது அவருடைய குறை.

அன்று ஆரம்பித்தது பேச்சு. அரிசி அளக்கும் வரிசையில், குழாயடியில், பால் நிறுக்கும் இடத்தில், எங்கும் அதுதான். எங்கள் சட்டை பச்சை, அவர்களுடையது மஞ்சள். கோல் மரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவர்களுடையது ஒரு சாண் குட்டையாக இருந்தது. குட்டையான கீப்பருக்காக வெட்டியது என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். மண்ணில் ஆழமாக ஊன்றியிருந்தோம், எடுக்கும்போது உடைந்தது என்று அவர்கள் சொன்னார்கள்.

இதெல்லாம் சில்லறைதான். பெரிய சண்டை கீப்பரைப் பற்றியது. என் வீட்டுக்காரர் உயரம். கோல் கோட்டை விட்டு நகர மாட்டார். பந்து தன்னிடம் வரட்டும் என்று காத்திருப்பார். அண்ணன் குள்ளம். பந்து எங்கே கிளம்பினாலும் அங்கே ஓடுவார். சில நேரம் பந்து வேறு பக்கம் போய்விடும். கீப்பர் என்றால் வீட்டுக் கதவு மாதிரி, இருக்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் வாதாடினார்கள். கதவு திருடனைப் பிடிக்குமா, நாய்தான் பிடிக்கும் என்று அவர்கள் சொன்னார்கள். என் அண்ணனை நாய் என்று அவருடைய ஆட்களே சொன்னது எனக்குச் சங்கடமாக இருந்தது. அண்ணன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

கூட்டம் போட்டு முடிவு செய்யலாம் என்றார்கள். அவசரகாலத்தில் கூட்டம் போட அனுமதி வேண்டும். என்ன பொருள் பற்றி என்று போலீஸ் கேட்டது. பந்து என்று சொன்னார்கள். அதை நம்பாமல் ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிளைக் கூடவே அனுப்பினார்கள். ஆற்றோரத்து மலாய்க் கிராமத்துப் பையன், கல்யாணமாகாதவர். தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர் என்பதால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வேலைநேரத்தில் குழந்தைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகையில் கூடினார்கள். அங்கேதான் இடம் இருந்தது. உத்திரத்திலிருந்து துணித் தொட்டில்கள் தொங்கின. பேச எழுந்தவர்கள் தொட்டிலை ஒதுக்கிவிட்டுப் பேசினார்கள். அது திரும்பி வந்து மோதும். மறுபடி ஒதுக்குவார்கள். பெண்கள் நாங்கள் வாசல் பக்கம் நின்றோம். கான்ஸ்டபிள் துப்பாக்கியோடு எங்களுக்கு முன்னால் நின்றார்.

முதலில் எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர், "எதுக்கு இந்தச் சள்ளை? கடைசியில வர்றதுக்கு லோரி வேற வேணுமா? விட்டுருவோம்லா" என்றார். அவரை உட்காரச் சொன்னார்கள்.

பிறகு அண்ணன் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய மண்டோர் எழுந்தார். பேசிப் பழக்கமில்லாதவர். "லயத்தை விட்டோம். நட்ட தென்னையை விட்டோம். கோயிலை விட்டோம். பேரும் உங்க பேரு, சட்டையும் உங்க சட்டைன்னா சரின்னுக்கிறோம். கீப்பரையும் விடணுமா?" என்றார்.

அந்தத் தென்னைகளில் ஒன்று நான் பிறந்த வீட்டு வாசலில் நின்றது. நான் அதில் கயிறு கட்டி விளையாடியவள்.

"கோயிலை எங்க விட்டீங்க?" என்றார் எங்கள் ஆள் ஒருவர். "அம்மனைத்தான் லோரியில கொண்டாந்துட்டீங்களே."

அதற்குப் பிறகு எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள். கான்ஸ்டபிள் கொஞ்ச நேரம் நின்றபடி கேட்டார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு துப்பாக்கியை மடியில் படுக்க வைத்துக்கொண்டு, "அண்ணே, நான் ஒண்ணு சொல்லலாமா?" என்று கேட்டார். துப்பாக்கி வைத்திருப்பவர் கேட்டால் என்ன சொல்வது? சொல்லச் சொன்னார்கள்.

"ஆட்டத்துக்கு நடுவுல கீப்பரும் இன்னொரு ஆளும் இடம் மாத்திக்கலாம். ரெஃப்ரிகிட்ட சொன்னா போதும், சட்டம் இருக்கு. பாதி ஆட்டம் ஒருத்தர் கீப்பர், இன்னொருத்தர் முன்னால நின்னு தடுக்கிற பேக். அடுத்த பாதி மாத்திக்கட்டும்."

எங்கள் ஆட்கள் யோசித்தார்கள். மண்டோர் திரும்பி என்னைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற? ரெண்டு பேருமே உன் ஆளு."

நான் கூட்டத்தில் பேசியவள் இல்லை. ஆனால் அன்று காலைதான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து கீப்பர் பேச்சையே மாற்றி மாற்றிச் சொல்லிச் சலித்திருந்தேன். "மாத்தி மாத்தி நிக்கட்டும்" என்றேன். "வீட்டுல நடுவுல நான் நிக்கிறேன். திடல்ல என்னால நிக்க முடியாது. அவங்களே பேசிக்கட்டும்."

கான்ஸ்டபிள்தான் முதலில் கை தூக்கினார். அவருக்கு ஓட்டு இல்லை என்று யாரும் அப்போது சொல்லவில்லை.

முதல் ஆட்டம் எங்கள் திடலிலேயே, டவுன் குழுவோடு. திடல் வேலிக்கு வெளியே இருந்தது. கேட்டைத் தாண்டும் எல்லாரையும் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். பால் வெட்டப் போகும்போது ஒரு கவளம் சோறு கூட மடியில் கொண்டுபோக முடியாது. அன்று கேட்டில் புதிதாக வந்திருந்த போலீஸ் சார்ஜன் ஒருவர் பந்தைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"காத்து" என்றார் என் வீட்டுக்காரர்.

சார்ஜன் பந்தின் தோல் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தார்கள். உள்ளே இருந்த ரப்பர்ப் பையை வெளியே எடுத்துக் காற்றை இறக்கினார்கள். அரிசி எதுவும் இல்லை. மறுபடி பையை உள்ளே தள்ளி, காற்றடித்து, கயிறு கட்டி முடிக்கும்வரை டவுன் குழு திடலில் காத்திருந்தது. அவர்கள் அதை நாங்கள் பயந்து தாமதிப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

முதல் பாதியில் அண்ணன் கீப்பர். என் வீட்டுக்காரர் அவருக்கு முன்னால் பேக். பிறந்ததிலிருந்து கோலுக்குள்ளேயே நின்ற மனிதர், வெளியே நின்றதும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு டவுன் ஆள் ஒருவன் பந்தை உயரமாக எங்கள் கோல் பக்கம் தூக்கி அடித்தான். அண்ணன் வழக்கம்போல ஓடி வந்தார். வந்துகொண்டே கத்தினார்.

"விடு மாப்ள! என்னுது!"

கல்யாணத்துக்குப் பிறகு என் அண்ணன் என் வீட்டுக்காரரிடம் நேராகச் சொன்ன முதல் சொல் அது. நான் வேலியோரம் நின்றிருந்தேன், தெளிவாகக் கேட்டது. என் வீட்டுக்காரருக்கும் கேட்டிருக்கும். அவர் இரண்டு கையையும் நீட்டிப் பந்தை அழகாகப் பிடித்தார். நெஞ்சோடு அணைத்தார். ஒரு தரம் தரையில் தட்டிக்கொண்டு, தூர உதைக்கத் தயாரானார்.

ரெஃப்ரி ஊதினார்.

இவர் கையிலிருந்த பந்தை வேறு யாரோ கொண்டுவந்து வைத்தது போலப் பார்த்தார்.

"பெனால்டி!" என்றார் ரெஃப்ரி.

"நான்தான் விடுன்னேனே மாப்ள!"

"நீங்க சொல்லி நான் என்னைக்கு கேட்டிருக்கேன்?"

"கேக்க வேண்டியதுதானே!"

"நீங்க எங்க மச்சான் என்கிட்ட பேசினீங்க, கேக்குறதுக்கு?"

"கல்யாணத்தன்னைக்கு அப்படிப் பேசினா எவன் பேசுவான்?"

"நான் கெட்டதா என்ன சொன்னேன்? பந்தை யாரும் பிடிக்கலன்னுதானே சொன்னேன்?"

ரெஃப்ரி இருவரையும் எச்சரித்தார். இவர் பெட்டிக்கு வெளியே போய் நின்றுகொண்டு அங்கிருந்து பேசினார். அண்ணன் கோல் கோட்டில் நின்றபடி தலையைத் திருப்பிப் பதில் சொன்னார். டவுன் ஆள் பந்தை வைத்தான், பின்னால் போனான், ஓடி வந்து உதைத்தான். அண்ணன் பந்தைப் பார்க்கவே இல்லை. "என் கால்சட்டையை இழுத்தவன் யாருன்னு எனக்குத் தெரியும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது பந்து அவர் தோளில் பட்டு வெளியே தெறித்துப் போனது.

இரண்டு தோட்டத்து ஆட்களும் ஒன்றாகக் கத்தியது அதுதான் முதல் தடவை. மண்டோர் எங்கள் ஆள் ஒருவரைக் கட்டிப்பிடித்தார். பிறகு யாரென்று பார்த்துவிட்டுச் சட்டையைச் சரிசெய்துகொண்டார். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் துப்பாக்கியைத் தூக்கி ஆட்டினார். சார்ஜன் பார்த்ததும் இறக்கினார்.

இரண்டாம் பாதியில் இடம் மாறினார்கள். இரண்டு கோல் விழுந்து தோற்றோம். ஆறு மணிக்குக் கேட்டை மூடுவார்கள் என்பதால் ஆட்டத்தைக் கொஞ்சம் முன்னதாகவே முடித்தார்கள். இல்லாவிட்டால் மூன்றாகியிருக்கும்.

தோற்றதைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தப் பெனால்டியைப் பற்றித்தான் வாரக்கணக்கில் பேச்சு. கோட்டை விட்டு நகராமல் நின்றதால்தான் பந்து பட்டது, கீப்பர் கதவு மாதிரி இருக்க வேண்டும் என்று நாங்கள் சொன்னது சரியாகிவிட்டது என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். பிடித்தது எங்கள் கீப்பர் என்று அவர்கள் சொன்னார்கள். அவர் எதையும் பிடிக்கவில்லை என்று எங்கள் ஆட்கள் ஞாபகப்படுத்தினார்கள்.

என் வீட்டில் நிலைமை மோசமானது. அண்ணனும் இவரும் நாள் தவறாமல் பேசினார்கள். பால் வெட்டி வந்து, குளித்து, சாப்பிட்டு, வேலிக்குள்ளே வேறு போக்கிடம் இல்லாததால் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, கால்சட்டையிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் ஏதாவது சொன்னால், "நீ சும்மா இரு" என்று இருவரும் ஒன்றாகச் சொல்வார்கள். சில வருஷம் இருவருக்கும் வாயாக இருந்தவளுக்கு இது கொஞ்சம் வலித்தது. ஆனால் குழம்பு அடிபிடிக்காமல் பார்த்துக்கொள்ள முடிந்தது.

அந்த வருஷம் கடைசியில் வந்தோம். ஒரே குழு ஆகிவிட்டதால் கடைசிக்கு முந்தின இடத்தில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

பந்தயம் முடிந்ததும் இவர் இனி பேக்காகவே ஆடுகிறேன், கோலில் மச்சானே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் ஆட்கள் அதை நம்பிக்கைத் துரோகம் என்றார்கள். சிலர் நான் சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னார்கள். நானே அவரிடம் ஏன் என்று கேட்டேன்.

"கோல்ல நிக்கிறப்ப பேச்சுத்துணைக்கு யாருமில்ல" என்றார்.

சில வருஷத்துக்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வேலைக்குப் போனோம். அண்ணனும் மண்டோரும் ஒரு நாள் சைக்கிளில் போய்ப் பழைய தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். லயம் இருந்த இடத்தில் ரப்பர்க் கன்று நட்டிருந்தது. தென்னை மட்டும் நிற்கிறது என்று அண்ணன் என்னிடம் சொன்னார். திரும்பப் போவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

இனி காவல் தேவையில்லை, இரண்டு குழுவாகப் பிரியலாமா என்று மறுபடி ஒரு கூட்டம் போட்டார்கள். அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் கான்ஸ்டபிள் வந்தார். அப்போது அவர் கான்ஸ்டபிள் இல்லை, செகிஞ்சான் பக்கம் வயல் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையென்று சைக்கிள் மிதித்து வந்திருந்தார். ஓட்டெடுப்பின்போது கை தூக்கினார். இந்த முறை கிராணி, அவர் தோட்டத்து ஆள் இல்லையே, எப்படி ஓட்டு என்று கேட்டார். அதைப் பற்றிய விவாதத்திலேயே காலை முழுவதும் போனது. மண்டோரும் என் வீட்டுக்காரரும் அவர் பக்கம் பேசினார்கள். அண்ணன் எதிர்த்துப் பேசினார், இவர் ஆதரித்தார் என்பதற்காக. கடைசியில் அவருக்கு ஓட்டு உண்டு என்று முடிவானது. அதற்குள் பசி வந்துவிட்டதால் பிரிவதைப் பற்றிப் பேச நேரமில்லை. குழு ஒன்றாகவே இருந்தது.