மேர்சி ஆன்டிக்கு மாலை போட்ட சனிக்கிழமை

போன சனிக்கிழமை காலையில் நான் ஒருவரைக் கொன்றுவிட்டேன். ஆயுதம் — ஈஸ்ட் ஹாமில் வாங்கிய ஒரு ரோஜா மாலை.

பொலிசுக்குப் போன் பண்ணாதீர்கள். முழுக் கதையையும் கேட்டுவிட்டுப் பண்ணுங்கள்.

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற என் கடையில் இடியப்ப மாவும் கிடைக்கும், கானா நாட்டு யாம் கிழங்கும் கிடைக்கும். எங்கள் கருவாடும் உண்டு, அவர்களுடைய கருவாடும் உண்டு. மணத்தில் இரண்டும் சொந்தக்காரர்தான். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஆபிரிக்கர்கள். அவர்களில் மேர்சி ஆன்டிதான் எனக்கு மேலதிகாரி. கானாக்காரர். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்து ரிட்டயர் ஆனவர். ஒவ்வொரு கிழங்கையும் தட்டிப் பார்த்து, கடைசியில் "பிரதர்" என்று என் முதுகிலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவார்.

அடுத்து அபீனா. லண்டனில் பிறந்த கானாப் பிள்ளை, போட்டோகிராபர். எங்கள் பகுதியில் இருக்கிற ஆபிரிக்க, கரீபியன் சனத்தை ஒவ்வொருவராக இருத்திப் படம் எடுக்கிறாள். பஸ் ஓட்டுகிறவர், தலை பின்னுகிறவர், சேர்ச்சில் டிரம் அடிக்கிற பெரியவர்... பல வருசமாக இதே வேலை. அந்தப் படங்களை மேசை அளவுக்குப் பெரிசாக்கி, சட்டம் போட்டு, தெருவில் கடைக்கொன்றாகக் கண்ணாடி ஜன்னலில் வைப்பது என்று ஏற்பாடு. சனிக்கிழமை திறப்பு.

என் கடைக்கு வந்தது மேர்சி ஆன்டியின் படம். இலேசில் வரவில்லை. ஆன்டி மாதக்கணக்காக மாட்டேன் என்று நின்றவர். ஏன்? அவருடைய ஊரில் ஒருவரின் படத்தைப் பெரிசாக அடித்து வைப்பது செத்தவீட்டுக்குத்தானாம். பானர், போஸ்டர் எல்லாம் ஆள் போன பிறகு.

"உயிரோட இருக்கேக்க என்னைப் பெரிசாத் தொங்கவிட்டா, சாவு வந்து விலாசம் கேக்கும்" என்றார்.

ஆன்டி பேசுவது இங்கிலீஷ். எனக்குத் தெரிந்தது கல்லாப்பெட்டி இங்கிலீஷ். அதனால் நான் விளங்கிக்கொண்டபடி எங்கள் தமிழில் தருகிறேன். பிழை இருந்தால், எட்டாம் வகுப்போடு என்னைக் கைகழுவிய வாத்தியாரைப் பிடியுங்கள்.

கடைசியில் ஆன்டி சம்மதித்தார். ஆனால், ஒரு நிபந்தனை. "ஒருத்தராவது இதைச் செத்தவீட்டுப் படம் எண்டு நினைச்சா, அந்த நிமிசமே கழட்டிக்கொண்டு போயிடுவன். எங்கட சேர்ச் ஆக்களையும் எடுக்க விடமாட்டன்."

அது சும்மா மிரட்டல் இல்லை. சேர்ச் பாட்டுக் குழுவில் ஆன்டி வைத்ததுதான் சட்டம். அந்தப் பெண்களில் ஒருவர்கூட இன்னும் அபீனாவின் கமராவுக்கு முன்னால் வந்து இருக்கவில்லை. ஆன்டிக்கு என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அபீனாவின் மிச்ச வேலை முழுக்க இந்த ஒரு படத்தில்தான் தொங்கியது.

அவளுக்கு என்னைப் பற்றித் தெரியும். படத்தை வைத்துவிட்டுப் போகும்போதே கெஞ்சினாள். "அங்கிள், பிளீஸ். நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். சும்மா விட்டாலே காணும்."

சும்மா விடுவதா? நான் தமிழன் அல்லவா? மாலை இல்லாமல் ஒரு திறப்பு விழாவா? ஆன்டி வந்ததும் கழுத்தில் போட்டு அசத்தலாம் என்று விடியவே ஈஸ்ட் ஹாம் போய் மாலை வாங்கி வந்தேன். ஆன்டியைக் காணவில்லை. தலை அலங்காரத்துக்குப் போயிருந்தார். மாலையை எங்கே வைப்பது? கருவாட்டுப் பெட்டிமேல் வைத்தால் மணக்கும். பிரிட்ஜில் இடமில்லை. கண்ணுக்கு முன்னால் படம். சட்டத்தின் இரண்டு மூலையும் மாலைக்கென்றே செய்தமாதிரி...

கொஞ்ச நேரத்துக்குத்தானே என்று மாட்டினேன். அந்த நேரம் பார்த்துப் பின்பக்கம் லொறி வந்தது. கிழங்கு இறக்கப் போய்விட்டேன். என் மனைவி ரஞ்சி தினமும் செய்கிறமாதிரி சாமிப் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினாள். எங்கள் கடையில் சாமி இருப்பதும் அதே ஜன்னல் தட்டில், ஆன்டிக்குப் பக்கத்தில்தான்.

மாலை. புகை. நடுவில் சிரித்த முகம். இனி மோட்சம் ஒன்றுதான் பாக்கி.

முதலில் வந்தவர் பொன்னுத்துரை அண்ணை. பால் வாங்க வந்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கல்லாவில் இருந்த ரஞ்சிக்கு முன்னால் நின்றாராம்.

"நல்ல மனுசி. முந்தநாளும் என்னைத் தள்ளிவிட்டுத்தான் வாழைக்காய் எடுத்தவ. செத்தவீடு எப்பவாம் பிள்ளை?"

ரஞ்சி அப்போதுதான் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். "ஐயோ, இந்த மனுசன்..." என்று எழும்புவதற்குள் வெளியே பஸ் நின்றது. அதில் பாட்டுக் குழுப் பெண் ஒருவர். அவர் கண்ணில் ஜன்னல் பட்டது. மிச்சத்தை வட்ஸ்அப் பார்த்துக்கொண்டது.

நான் தோளில் கிழங்கு மூட்டையோடு முன்பக்கம் வந்தால், கடை வாசல் நிறையச் சனம். திறப்பு விழாவுக்கென்று உடுத்த பளபள உடுப்பு, தலையில் உயரக் கட்டிய துணி, கன்னத்தில் கண்ணீர். பாட்டுக்கூடத் தொடங்கிவிட்டார்கள். நடுவில் அபீனா கமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அங்கிள், என்ன செய்தனீங்கள்?"

"மாலை வைக்க இடமில்லை, பிள்ளை."

மூட்டையை இறக்கிவிட்டு மாலையைக் கழற்றலாம் என்று நினைக்கிறேன், பாட்டு நடுவில் அறுந்தது. தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து அவர்களுடைய ஊர்க் கென்டேப் பட்டு மினுங்க, கோபுரம்போலக் கொண்டையோடு, மேர்சி ஆன்டி வந்துகொண்டிருந்தார். ஒரு பெண் ஓடிப்போய் அவருடைய கையைக் கிள்ளிப் பார்த்தார். ஆன்டி படத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். புகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூட்டை தோளில் இருந்ததால் என்னால் ஓடவும் முடியவில்லை.

"ஆன்டி, எங்கட ஆக்கள் இது மரியாதைக்குப் போடுறது" என்றேன்.

"ஆருக்கு?"

"உங்களுக்கு."

"அப்ப ஏன் படத்துக்குப் போட்டனீ?"

"நீங்கள் லேட்."

அபீனா கண்ணை மூடிக்கொண்டாள். ஆன்டி என்னை விட்டுவிட்டுப் பாட்டுக் குழுவின் பக்கம் திரும்பினார்.

"பெப்ரவரியில காய்ச்சலில கிடந்தனான். ஒருத்தி ஒரு சூப் கொண்டு வந்து தரேல்லை. இப்ப மட்டும் இவ்வளவு கெதியா வரத் தெரியுதோ?"

தலைத்துணிகள் எல்லாம் ஒரேயடியாகக் குனிந்தன.

"பாடினது ஆர்? சுருதி எங்கயோ போகுது. நான் செத்தா உங்கட கதி இதுதான்."

யாரோ ஒருவருக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. ஆன்டி சிரிக்கவில்லை. படத்துக்குக் கிட்டப் போனார். அவ்வளவு பெரிசாக அவர் தன்னைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

எங்கள் கல்யாண வீட்டுப் போட்டோக்காரர்போல அபீனா முகத்தில் லைட் அடித்து ஆளை வெளுக்க வைப்பதில்லை. ஜன்னல் வெளிச்சம், ஒரு மரக்கதிரை, அவ்வளவுதான். கறுப்பு கறுப்பாகவே மின்னியது. முழங்கையில் சமையலறை அடுப்புச் சுட்ட தழும்புகூட இருந்தது. ஆன்டி அந்தத் தழும்பைக் கண்ணாடிக்கு மேலால் தொட்டுப் பார்த்தார்.

"இதையும் விடேல்லையோ நீ?" என்று அபீனாவைக் கேட்டார்.

"வேண்டாமெண்டா எடுத்துவிடுறன் ஆன்டி."

"ஆர் வேண்டாமெண்டது?"

சொல்லிவிட்டுச் சட்டத்திலிருந்து மாலையைக் கழற்றினார். அடுத்தது படம்தான் என்று நினைத்தேன். ஆன்டி மாலையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"இவ்வளவு பேர் எனக்காக அழுவினமெண்டு செத்தாப்பிறகு எனக்கெப்பிடித் தெரியும்? இப்பவே பாத்திட்டன். படம் இங்கதான் இருக்கும். பிரதர், நிண்டு பாக்காமல் ஒரு கதிரை கொண்டா."

பின்னேரம் வரைக்கும் ஆன்டி ஜன்னலில், தன் படத்துக்குப் பக்கத்தில் மாலையோடு ராணியாட்டம் இருந்தார். பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார்கள். பாட்டுக் குழுப் பெண்கள்? கிழங்குப் பெட்டிகளுக்கு முன்னால் துணி கட்டச் சொல்லி, வரிசையில் நின்று அபீனாவிடம் படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் மாலை வேண்டுமாம். அந்த ஒரே மாலை கழுத்துக் கழுத்தாகப் போய், கடைசி ஆளுக்கு வெறும் நூல்தான் மிஞ்சியது. அவர் நூலோடும் சிரித்தார். அபீனாவும் அழுதாள் — இது வேறு அழுகை.

யோசித்துப் பார்த்தால் நாங்களும் அப்படித்தானே? உயிரோடு இருக்கிறவருக்குப் பாஸ்போர்ட் சைஸ். அதிலும் சிரிக்கக் கூடாது. ஆள் போனபிறகு பெரிய சட்டம், பல்ப், பூ. பார்க்க வேண்டியவரைத் தவிர மற்ற எல்லோரும் பார்க்கிறார்கள்.

மேர்சி ஆன்டி இப்போது தினமும் வருகிறார். கிழங்கு ஒரு சாட்டு. படத்துக்கு முன்னால் நின்று, "நாடி மடிஞ்சு ரெண்டாத் தெரியுது, அந்தப் பிள்ளையிட்டச் சொல்லு" என்கிறார். "ஓம் ஆன்டி, சொல்லுறன்" என்று நானும் சந்தோசமாகத் தலையாட்டுகிறேன்.

எங்கள் வீட்டு ஹாலில் மாலையோடு படமாக இருக்கிற, என்னைப் பெற்ற ஐயா இதுவரை தன் படத்தைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை.